மாவு வாசலுக்கு வந்தது, மெசேஜ் வரவில்லை

அடுத்தவர்கள் செய்துவைத்த சேவைகளை நம் ஆப்புக்குள் கொண்டுவந்து பொருத்துகிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: தப்பு எந்தக் கம்பெனியில் நடந்தாலும் போன் நமக்குத்தான் வரும். மேப் ஒருத்தருடையது, எஸ்எம்எஸ் இன்னொருத்தருடையது, பணம் வாங்குகிற பக்கம் மூன்றாவது ஆளுடையது. அவர்கள் யாருக்கும் முகம் கிடையாது. முகம் இருப்பது நமக்கு மட்டும்தான். இதே பிழைப்பில் இருக்கிற சகோதர சகோதரிகளே, இந்த இடத்தில் நீங்கள் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் மைசூரில் எம்சிஏ கடைசி செமஸ்டர். ப்ராஜெக்டுக்கு நிஜமான வாடிக்கையாளர் ஒருவர் வேண்டும், கற்பனைக் கடைக்கெல்லாம் ஆப் செய்யக்கூடாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தவர் பழனியம்மா அக்கா. சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். மண்டி மொஹல்லாவில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய ஒரு சந்தில், நான்கு கிரைண்டர் போட்டு மாவு அரைத்து வீடுகளுக்கு அனுப்புகிறார். இட்லி மாவு, ராகி தோசை மாவு, அடை மாவு என்று நாளுக்கொன்று.

அக்காவுக்குப் புதிதாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு கிடைக்கிற மாதிரி இருந்தது. நாற்பத்தொரு வீடு. ஆனால் நிபந்தனை: ஏழு நாள் பார்ப்பார்கள். தினமும் காலை ஏழரைக்குள் எல்லா வீட்டுக்கும் மாவு போய்ச் சேர வேண்டும். ஆர்டர், கேட் பாஸ் எல்லாம் போனிலேயே நடக்க வேண்டும். ஒரே ஒரு நாள் தவறினாலும் பழையபடி கடை பாக்கெட் மாவுக்கே போய்விடுவார்கள். அக்கா அந்த நாற்பத்தொரு வீட்டை நம்பி ஐந்தாவது கிரைண்டருக்குச் சொல்லிவைத்துவிட்டார். அக்கா என்னை நம்பினார். நான் நான்கைந்து கம்பெனிகளை நம்பினேன்.

அரண்மனைக்கு எதிரில் ஆறு வீடு

ஏழு நாள் சோதனைக்கு முன்னால் ஒரு நாள் ஒத்திகை. அக்காவின் பழைய வாடிக்கையாளர்களின் முகவரிகளை மேப் சேவைக்கு அனுப்பினேன். அது ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக மாற்றித் தர வேண்டும். நம் ஊர் முகவரிகள் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒரு முதல் மெயின் ரோடு உண்டு, ஒரு ஐந்தாவது கிராஸ் தெரு உண்டு. அதற்கு மேல் ஒருவர், "தண்ணி டேங்குக்குப் பின்னாடி, பச்சை கேட், நாய் இருக்கும், ஒண்ணும் செய்யாது" என்று எழுதியிருந்தார். இதைப் படித்துவிட்டு மேப் சேவை "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லியிருந்தால் நான் அதை மதித்திருப்பேன். அது அப்படிச் சொல்லாது. தெரியாத முகவரிக்கெல்லாம் ஊரின் நடுப்புள்ளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கூடவே "வெற்றி" என்றும் பதில் அனுப்பும்.

நான் அந்த "வெற்றி"யைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டேன். மாவு கொண்டுபோகிற கூட்ஸ் ஆட்டோ நாகராஜு அண்ணாவுடையது. வீட்டில் கன்னடம், மண்டியில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழும் சரளம். என் மேல் உள்ள மரியாதையில், தனக்கு இருபது வருஷமாகத் தெரிந்த வீடுகளைக்கூட மறந்துவிட்டு, மேப் சொன்ன வழியிலேயே போயிருக்கிறார். ஆறு வீடுகள் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. காலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

"மேடம், அரமனே முன்னாடி நிக்கிறேன். மகாராஜாவுக்கு எஷ்டு பாக்கெட் குடுக்கணும்?"

ரகசிய எண்ணும் நரசிம்மன் மாமாவும்

ஆப்பில் நுழைய வேண்டுமென்றால் போனுக்கு ஓடிபி வரும், அதைத் தட்ட வேண்டும். இதில் வாதாட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். குடியிருப்பில் நாற்பது வீட்டுக்காரர்கள் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். நாற்பத்தொன்றாவது வீடு நரசிம்மன் மாமாவுடையது. மேல்கோட்டையிலிருந்து வந்த குடும்பம், ரிட்டயர்டு எஞ்சினியர், சட்டையில் இன்னும் பேனா. ஆறு முறை ஓடிபி போயிருந்தது, ஆறு முறையும் அவர் தட்டவில்லை. எஸ்எம்எஸ் கம்பெனி மேல் சந்தேகப்பட்டு நேரிலேயே போனேன். ஆறு எண்களையும் ஒரு டைரியில் தேதி போட்டு எழுதிவைத்திருந்தார்.

"யார் கேட்டாலும் சொல்லப்படாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்கா" என்றார். மாமா, அது பேங்க் ஓடிபி, இது மாவு ஓடிபி என்றேன். எழுத்திலே வித்தியாசம் இல்லையே என்றார். நான் கல்லூரி விவாதப் போட்டியில் கோப்பை வாங்கியவள், விடுவேனா? முதலாவது, நீங்கள் என்னிடம் சொல்ல வேண்டாம், ஆப்பில் தட்டினால் போதும். இரண்டாவது, ஆப் நான் செய்தது. மூன்றாவது... மூன்றாவதுக்கு நான் போவதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நீயே எனக்கு ஒரு ரகசியம் அனுப்பறே, அனுப்பிச்சுட்டு அது என்னன்னு நீயே கேக்கறே. உனக்கு மாவு விக்கணுமா, என்னைப் பரீட்சை பண்ணணுமா?"

மாவும் வானிலையும்

இதை நானாக வலியப் போய்ச் செய்துகொண்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். மாவு புளிப்பது வெயிலையும் குளிரையும் பொறுத்தது. ஆகவே வானிலைச் சேவை ஒன்றை இணைத்து, எத்தனை டிகிரி என்றால் எத்தனை மணிக்கு அரைக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆப் சொல்கிற மாதிரி செய்தேன். ப்ராஜெக்ட் அறிக்கையில் இதற்கு மட்டும் நான்கு பக்கம், இரண்டு வரைபடம்.

அக்கா டிரம்முக்குள் முழங்கை வரை விட்டுக் கலக்கிக்கொண்டே கேட்டார். "இன்னைக்கு என்ன சொல்லுது?" இருபத்து நாலு டிகிரி அக்கா, மதியம் மூணு மணிக்கு அரைக்கணும் என்றேன். "இருபத்து நாலா? இங்க பொழுதுக்கும் நாலு மோட்டார் ஓடி அனலா அடிக்குது." இல்லை அக்கா, இது துல்லியமான கணக்கு, மண்டகள்ளி ஏர்போர்ட்டில் கருவி வைத்து அளக்கிறார்கள் என்று நான் ஆரம்பித்தேன். துல்லியத்துக்கும் பொருத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை நானே ஒரு செமினாரில் நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறேன் என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. அக்கா கையை வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏர்போர்ட்டுல உக்காந்துட்டு அவன் சொல்றான், சரி. மாவு என்ன பிளேன்லயா வருது, கண்ணு?"

ஒரு ஆர்டர், மூன்று பாக்கெட்

சோதனையின் இரண்டாம் நாள். அதற்குள் நரசிம்மன் மாமாவும் ஏழாவது ஓடிபியைத் தானே தட்டி ஆப்புக்குள் வந்துவிட்டிருந்தார். யாராவது ஆப்பில் பணம் கட்டினால், பணம் வாங்குகிற சேவை எங்கள் சர்வரைக் கூப்பிட்டு "கட்டியாச்சு" என்று சொல்லும். நாம் உடனே "கேட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லையென்றால் அது மறுபடி சொல்லும். அதற்கும் பதில் இல்லையென்றால் மறுபடியும். நான் எடுத்திருந்தது இலவச சர்வர். கொஞ்ச நேரம் வேலை இல்லையென்றால் தூங்கிவிடும், எழுந்து கண்ணைக் கசக்க அரை நிமிஷம் ஆகும். எழுந்ததும் வாசலில் மூன்று சேதி காத்திருந்தால் மூன்றையும் தனித்தனி ஆர்டராக எடுத்துக்கொள்ளும். ஒரே சேதி மறுபடி வந்தால் தள்ளிவிடு என்று எழுதியிருக்க வேண்டியது நான். அந்த நாலு வரியை எழுதாமல் விட்டதும் நான்தான்.

ரேகா மேடம் என்று ஒரு வாடிக்கையாளர், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஒரு பாக்கெட்டுக்குக் கட்டிய அவர் வீட்டு வாசலில் மூன்று பாக்கெட் போய் உட்கார்ந்துகொண்டன. நான் கைகளைப் பிசைந்துகொண்டு போய் நின்றேன். சர்வர் தூங்கியது, அவர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது, எல்லாவற்றையும் விளக்கினேன். உள்ளே அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு போனில் இருந்தார்கள். அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"பரவாயில்லம்மா, எங்க வீட்லயும் மூணு தடவை கூப்பிட்டாதான் ஒருத்தர் பதில் சொல்றாங்க."

ஆறாம் நாள், கேட் வாசல்

இது கொஞ்சம் நீளம். என் மேலேயே எனக்குக் கோபம் இருப்பதால் சுருக்க முடியவில்லை.

அந்தக் குடியிருப்பின் கேட்டை ஒரு கம்பெனியின் சேவை பார்த்துக்கொள்கிறது. வெளியிலிருந்து எது வந்தாலும் வீட்டுக்கு ஒரு பாஸ், அதாவது ஒரு நான்கு இலக்க எண். எங்கள் சர்வர் தினமும் விடிகாலை அந்தச் சேவையிடம் நாற்பத்தொரு பாஸ் வாங்கி, நாகராஜு அண்ணாவின் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும். அவர் ஆறு பத்துக்குக் கேட்டுக்கு வந்து போனை நீட்டுவார். வாட்ச்மேன் மாதேஷ் அண்ணா ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் போனில் தட்டுவார். ஐந்து நாள் இப்படியே நல்லபடியாகப் போனது.

ஐந்தாம் நாள் நாகராஜு அண்ணா ஒரு சின்ன உதவி கேட்டார். மெசேஜில் பிளாக் பெயர் முன்னால் வந்தால் பாக்கெட்டுகளை அடுக்க வசதியாக இருக்குமாம். இவ்வளவுதானே அண்ணா என்று ஒரு வரியை மாற்றினேன். எஸ்எம்எஸ் கம்பெனி ஒத்திகை பார்க்கவென்று கொடுத்திருந்த சோதனைச் சாவியைப் போட்டுப் பார்த்தேன், பிரமாதமாக வேலை செய்தது. இப்போதே சில பேர் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆமாம். நம் நாட்டில் எஸ்எம்எஸ்ஸின் வாசகத்தை முன்கூட்டியே பதிவுசெய்து அனுமதி வாங்க வேண்டும். அனுப்புகிற வாசகம் அதோடு பொருந்தவில்லையென்றால் வழியிலேயே போன் கம்பெனிக்காரர்கள் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிடுவார்கள். சோதனைச் சாவி நிஜமாக எதையும் அனுப்பாது, ஆகவே அதற்கு இந்த விதி தெரியாது. எனக்குத் தெரியும். ஜூனியர்களுக்கு நான் நடத்திய வகுப்பில் இதைப் பலகையில் பெரிதாக எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

ஆறாம் நாள் காலை ஒரு மெசேஜும் வரவில்லை. நாகராஜு அண்ணா இதோ வரும், அதோ வரும் என்று அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் கூப்பிட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேரும்போது ஆறு ஐம்பத்தைந்து. ஆட்டோவில் பாக்கெட்டுகள் வெயிலில் உப்ப ஆரம்பித்திருந்தன. அக்காவும் வந்துவிட்டார். கடிகாரத்தையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மாதேஷ் அண்ணாவிடம் வாதத்தை ஆரம்பித்தேன். ஐந்து நாளாக இதே ஆட்டோ, இதே மாவு, இதே ஆள், உங்களுக்கே தெரியும். "தெரியுமுங்க." அப்புறம் திறக்க வேண்டியதுதானே? அவரும் அக்கா ஊர்ப் பக்கம், கொள்ளேகால் ஆள், பதற்றமே கிடையாது. "நீங்க சொல்றது எனக்கு நல்லாக் கேக்குதுங்க அம்மிணி. இந்தப் போனுக்குக் காது இல்லீங்களே. நம்பர் தட்டுனாத்தான் கேட்டு தொறக்குமுங்க."

நம்பர்! பாஸ்கள் வாங்கப்பட்டிருந்தன, போய்ச் சேராததுதான் பிரச்சினை. என் போனில் சர்வரைத் திறந்தால் நாற்பத்தொன்றும் வரிசையாக இருந்தன. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி கத்த ஆரம்பித்தேன். ஏ பிளாக் நூற்றொன்று, நாலு ஏழு ரெண்டு ஒன்பது. ஏ பிளாக் நூற்றிரண்டு, எட்டு எட்டு பூஜ்யம் மூணு. அவர் தலை நிமிராமல் தட்டினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்டார்கள், ஒருவர் தன் வீட்டு எண் வந்ததும் கைதட்டினார். ஏழு ஏழுக்குக் கேட் திறந்தது. அதன் பிறகு ஏ பிளாக்குக்கு அக்கா, பி பிளாக்குக்கு நாகராஜு அண்ணா, சி பிளாக்குக்கு நான் என்று பிரித்துக்கொண்டு, லிஃப்ட் வரும்வரை பொறுக்க முடியாமல் படியேறி ஓடினோம். கடைசிப் பாக்கெட்டை நான் ஒரு வீட்டு வாசலில் வைத்தபோது ஏழு இருபத்தெட்டு.

கீழே வந்து சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மாதேஷ் அண்ணா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"நாளைக்கும் நீங்களே வந்து சொல்லுங்க அம்மிணி, மெசேஜ விட இது வெரசா இருக்குது."

அதே நாள், பத்து மணி

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும் இல்லையா? எஸ்எம்எஸ் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பதினெட்டு நிமிஷம் வீணை கேட்ட பிறகு ஒரு மனிதர் வந்தார், பெயர் கார்த்திக், பாவம், மரியாதையான குரல். நாற்பத்தொரு மெசேஜையும் வழியில் போட்டுவிட்டார்கள், சரி. ஆனால் நாற்பத்தொரு தடவையும் உங்கள் சேவை எனக்கு "ஓகே" என்று பதில் அனுப்பியிருக்கிறதே, அது பொய்தானே என்றேன். பொய் இல்லை என்றார். பொய்க்கும் உண்மையை மறைப்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம். நடுவில் அவரே, "மேடம், நீங்க லா காலேஜா?" என்று கேட்டார். வாசகத்தைப் பழையபடி மாற்றி அவருடைய எண்ணுக்கே ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லி, வந்துவிட்டது என்று உறுதி சொன்னார். நல்ல மனிதர். ஆனால் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

"மேடம், வாங்கிக்கிட்டோம்னுதான் நாங்க சொன்னோம். போய்ச் சேர்ந்துச்சுன்னு எப்ப சொன்னோம்?"

ஏழாம் நாள்

ஏழாம் நாள் ஒன்றுமே நடக்கவில்லை. ஆர்டர்கள் ஒற்றையாக வந்தன. பணம் வந்தது, பாஸ் வந்தது, மெசேஜ் வந்தது. நாகராஜு அண்ணா போனை நீட்டினார், மாதேஷ் அண்ணா தட்டினார், நாற்பத்தொரு வாசலிலும் மாவு ஆறே முக்காலுக்கு உட்கார்ந்திருந்தது. ஒரு மாதமாக ஐந்து கம்பெனிகளோடு மல்லுக்கட்டியது இந்த ஒரு காலைக்காகத்தான். நான் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து, போனில் வரிசையாகப் பச்சை டிக் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் நின்று புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்குக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் விமலா மேடம் இறங்கி வந்தார். தமிழும் கன்னடமும் கலந்து, எப்போதும் கூட்டத்துக்கு அவசரமாகக் கிளம்புகிற மாதிரியே பேசுகிறவர். எல்லா வீட்டையும் கேட்டுவிட்டாராம், ஒரு புகார்கூட இல்லையாம், ராகி தோசை மாவுக்கு இரண்டு வீட்டில் சண்டையாம். "நாளையிலேர்ந்து ரெகுலரா குடுங்க பழனியம்மா, பாக்கெட் மாவு கேன்சல்." அக்கா அப்படியே ஆட்டோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது கிரைண்டர் அந்த முகத்தில் ஓடியது.

விமலா மேடம் திரும்பிப் போகிறவர் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, ஒரு டவுட்டு. மாவு வாங்கறதுக்கு ஆப் எதுக்கு? எங்க குரூப்ல ஒரு மெசேஜ் போட்டா சாலதா?" என்றார். போதாதா என்கிறார்! ஆப் வேண்டும், பாஸ் வேண்டும், எல்லாம் போனில் நடக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டதே இவர்தான். என்னிடம் ஏழு பதில்கள் இருந்தன, முக்கியத்துவ வரிசைப்படி. முதல் பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள், அக்கா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு முன்னால் வந்தார். குரலில் அப்படி ஒரு வாஞ்சை.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் விடுங்க மேடம், புள்ள ஆசையாப் பண்ணியிருக்குது."

ஐந்து கம்பெனிகளோடு மல்லுக்கட்டிய நான், இப்போது அந்த "ஆசையா"வை நினைத்துக்கொண்டு, ப்ராஜெக்டின் வாய்மொழித் தேர்வான வைவாவில் யாராவது "வாடிக்கையாளர் கருத்து என்ன?" என்று கேட்டுவிடக்கூடாதே என்கிற பயத்தில் இருக்கிறேன்.